பள்ளிக்கு வரும் மிசியும் பையில் வரும் சீட்டும்



பள்ளிக்கூடத்துக்கு மிசி வந்துவிட்டால் அந்தச் செய்தி ஊர் முழுக்கப் பரவ அரை மணி நேரம் போதும். "ஊசி போட வந்திருக்காங்களாம்!" என்று ஒரு பிள்ளை சொன்னால் சரி, மற்றதெல்லாம் தானாக நடக்கும். ஒருத்திக்கு வயிற்று வலி வரும், இன்னொருத்தனுக்குத் தலை சுற்றும். பின்வாசல் வழியாக வெட்டுக்காட்டுக்குள் ஓடிப்போய்ப் பால்மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட பிள்ளைகளும் உண்டு. அவர்களில் பலர் இன்றைக்குத் தாத்தாவாகி இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பார்கள். சிரிக்காதீர்கள், உங்களைத்தான் சொல்கிறேன்.

ஆனால் ஊசி என்பது மிசி செய்யும் வேலையில் ஒரு பங்குதான். அவர் பிள்ளையை நிறுத்து எடை பார்க்கிறார், உயரம் அளக்கிறார், கண்ணைப் பார்க்கிறார், காதைப் பார்க்கிறார், தலையைப் பிரித்துப் பேன் இருக்கிறதா என்று பார்க்கிறார், தோலைப் பார்க்கிறார். எதாவது கோளாறு தெரிந்தால் ஒரு சீட்டு எழுதி, "வீட்டிலே அம்மாகிட்ட கொடு" என்று பிள்ளை கையில் கொடுக்கிறார். அந்தச் சீட்டு புத்தகப்பைக்குள் போகிறது. அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பதுதான் இந்த மாதம் நாம் பேச வேண்டிய விஷயம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் அரசாங்கத் தொடக்கப்பள்ளிகளில் நிரந்தரமாக ஒரு மிசி உட்கார்ந்திருப்பதில்லை. சுகாதார இலாகாவின் பள்ளிக் குழு ஒன்று, பல பள்ளிகளுக்கு முறைபோட்டுக்கொண்டு வருகிறது. முக்கியமாக முதலாம் ஆண்டுப் பிள்ளைகளையும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளையும் பார்க்கிறது. நடுவில் இருக்கும் வருஷங்களில் பிள்ளையைத் தினமும் பார்ப்பவர்கள் வாத்தியாரும் நீங்களும்தான். ஏழு வயதில் ஒரு சீட்டு தவறிப்போனால், அதை எடுத்துச் சொல்ல மிசி மறுபடி எப்போது வருவார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்தப் பள்ளிச் சுகாதாரச் சேவை மலேசியாவில் 1967-ஆம் ஆண்டு தொடங்கியது. தோட்டத்து மக்களுக்கு அது சாதாரண விஷயமல்ல. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். வைத்தார்கள். ஆனால் அது எப்படிப்பட்ட பள்ளி, கூரை எப்படி, வாத்தியார் யார் என்பதெல்லாம் பழைய ஆட்களைக் கேட்டால் தெரியும். வைத்தியத்துக்குத் தோட்டத்து டிரெசர் இருந்தார். காலைப் பெரட்டு முடிந்ததும் மருந்துக் கொட்டகையில் வரிசையில் நிற்பது, யாருக்கு வேலைக்குப் போக முடியாது என்று அவர் முடிவு சொல்வது, இதுதான் நடைமுறை. அவர் கண் பெரும்பாலும் வேலைக்குப் போகும் ஆளின் மேல்தான் இருந்தது. கம்பங்களுக்கு அரசாங்கத்தின் கிராமச் சுகாதாரச் சேவை வந்தபோதுகூட, தோட்டம் தனியார் நிலம் என்பதால் அது நெடுங்காலம் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் பள்ளிக்கூடம் ஒரு கதவு. மிசி அந்தக் கதவு வழியாக நம் பிள்ளைகளிடம் வந்தார்.

சித்தியவான் பக்கத்தில் இப்போது நிலைமை மாறிவிட்டது. 1903-இல் பூச்சோவ் சீனர்கள் வந்து குடியேறிய ஊர் இது. ரப்பர் வந்த பிறகு நம்மவர்கள் வந்தார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குப் போய்விட்டன. ஆனாலும் சுங்கை வாங்கி, ஆயர் தாவார் என்று தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டு தமிழ்ப்பள்ளிகள் நிற்கின்றன. கிளினிக்கும் இருக்கிறது, ஸ்ரீ மஞ்சோங்கில் பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கிறது. அன்றைக்குப் போல் தூரம் பெரிய தடை இல்லை. அப்படியானால் சீட்டு ஏன் இன்னமும் பையிலேயே கிடக்கிறது?

வெளியூர்க் கதை ஒன்று

இதற்கு விடை தேட நாம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பின்னால் போக வேண்டும். இடம் அமெரிக்காவில் நியூயார்க் நகரம். அங்கே கிழக்குப் பகுதியில் ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்கள், யூதர்கள், இத்தாலியர்கள், நெருக்கி அடித்துக்கொண்டு குடியிருந்தார்கள். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர். நம் பழைய லயத்தை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்.

1897 முதல் அந்த நகரத்துப் பள்ளிகளுக்கு டாக்டர்கள் வந்து பிள்ளைகளைச் சோதித்தார்கள். கண் நோய், சிரங்கு, படர்தாமரை, பேன், எது இருந்தாலும் "மற்ற பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும், வீட்டுக்குப் போ" என்று சீட்டு எழுதி அனுப்பிவிடுவார்கள். சட்டப்படி சரிதான். ஆனால் சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்தாலும் மருந்துக்குக் காசு இல்லை, கூட்டிக்கொண்டு போக நேரமில்லை. பிள்ளை என்ன செய்யும்? தெருவில் விளையாடும். சாயங்காலம் பள்ளி விட்டதும், எந்தப் பிள்ளைகளுக்கு நோய் தொற்றக் கூடாது என்று இவனை வெளியே அனுப்பினார்களோ, அதே பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடும்! பள்ளியில் பெஞ்சுகள் காலியானதுதான் மிச்சம்.

அந்தப் பகுதியில் லிலியன் வால்ட் என்று ஒரு தாதி குடியிருந்து வீடு வீடாகப் போய் வைத்தியம் செய்துவந்தார். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை அவர் சந்தித்தார். தலையில் புண் இருந்ததால் பள்ளி அவனைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வால்ட் மருந்து தடவச் சொல்லிக்கொடுத்து, சொன்னபடி தடவுகிறார்களா என்று பார்த்துக்கொண்டார். புண் ஆறியது, பையன் பள்ளிக்குப் போனான். பெரிய ஆபரேஷன் எதுவும் இல்லை, வெறும் களிம்புதான்.

1902 அக்டோபரில் வால்ட் தம்மோடு இருந்த லினா ரோஜர்ஸ் என்ற தாதியை நான்கு பள்ளிகளுக்கு, ஒரு மாதம் சோதனையாக அனுப்பிவைத்தார். ரோஜர்ஸ் செய்தது இரண்டு காரியம். சின்னக் கோளாறுகளுக்குப் பள்ளியிலேயே மருந்து போட்டு, பிள்ளையை வகுப்புக்குத் திருப்பி அனுப்பினார். சாயங்காலம் பிள்ளையின் வீட்டுப் படி ஏறி, சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தாய்க்கு வாயால் சொன்னார், மருந்தை எப்படிப் போடுவது என்று செய்து காட்டினார். 1902 செப்டம்பரில் 10,567 பிள்ளைகள் நோயைக் காரணம் காட்டிப் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்டிருந்தார்கள். மறு வருஷம் அதே செப்டம்பரில் அந்த எண்ணிக்கை 1,101. நகராட்சி சோதனையை நிறுத்தவில்லை. மேலும் தாதிகளைச் சம்பளத்துக்கு வைத்தது. பள்ளித் தாதி என்ற வேலை பல நாடுகளுக்கும் பரவியதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த டாக்டர்களும் நல்ல டாக்டர்கள்தான், அவர்கள் எழுதிய சீட்டும் சரியான சீட்டுதான். ஆனால் சீட்டுக்கும் தாய்க்கும் நடுவில் ஒரு ஆள் இல்லாதபோது அது வெறும் தாளாகக் கிடந்தது. நம் பக்கத்தில் மிசி ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து வர முடியாது; ஒரு குழுவுக்கு எத்தனை பள்ளி என்று உங்களுக்கே தெரியும். அதனால் அந்த நடுவில் நிற்கும் ஆளாக நாமே ஆக வேண்டியிருக்கிறது. மலாயில் எழுதிய சீட்டு புரியவில்லை என்றால் மூத்த பிள்ளையிடம் கேளுங்கள், வாத்தியாரிடம் கேளுங்கள், சங்கத் தலைவரிடம் கொண்டுவாருங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

"பிள்ளை மக்கு" என்று சொல்வதற்கு முன்னால்

சீட்டுகளில் மிக முக்கியமானது என்று நான் நினைப்பது கண்ணுக்கான சீட்டு. ஏனென்றால் சிரங்கு அரிக்கும், பல் வலிக்கும், பிள்ளை அழுது காட்டிக்கொடுத்துவிடும். கண் தெரியாதது வலிக்காது. பிறந்ததிலிருந்து மங்கலாகப் பார்க்கும் பிள்ளைக்கு உலகமே இப்படித்தான் இருக்கும் என்று நினைப்பு. அது எப்படி வந்து, "அம்மா, எனக்குக் கண்ணு தெரியலை" என்று சொல்லும்?

மிசி ஆறு மீட்டர் தூரத்தில் அட்டையை மாட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கச் சொல்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஒரு கண் நன்றாக இருந்தால் அது மற்றக் கண்ணின் குறையை மூடி மறைத்துவிடும். பிள்ளை ஓடும், ஆடும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் சரியாகப் பார்க்காத கண்ணை மூளை கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக் கட்டிவிடும். சோம்பேறிக் கண் என்று இதைச் சொல்வார்கள். ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினம் சிறிது நேரம் மூடிவைத்துப் பழக்கினால் பெரும்பாலும் திரும்பி வரும். நாள் போகப் போக அந்த வாய்ப்புக் குறைகிறது. பெரிய ஆள் ஆன பிறகு எந்தக் கண்ணாடி போட்டாலும் அந்தக் கண் முழுதாகத் தெரியாது. முதலாம் ஆண்டில் வரும் கண் சீட்டை ஆறாம் ஆண்டுக்குத் தள்ளிப்போட முடியாது என்பது இதனால்தான்.

வீட்டிலேயே நீங்கள் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். சுவரில் தினசரி நாட்காட்டி தொங்குகிறதல்லவா? பிள்ளையைக் கூடத்தின் மறுகோடியில் நிறுத்தி, முதலில் வலது கண்ணை மூடி, பிறகு இடது கண்ணை மூடித் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணுக்குத் தெரிவது மறு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மிசிக்காகக் காத்திருக்க வேண்டாம், நேரே கிளினிக்குக்குப் போங்கள். தொலைக்காட்சிக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு உட்காருவது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, பலகையில் உள்ளதை விட்டுப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது, இவையும் அறிகுறிகள். அந்தக் கடைசி விஷயத்துக்காக அடி வாங்கிய பிள்ளைகள் எத்தனையோ! "காப்பி அடிக்கிறான், மக்குப் பயல்" என்று முத்திரை குத்திக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தால் அவனுக்கு இருந்த கொஞ்சப் பார்வையும் பலகைக்கு எட்டாமல் போகும். அப்படிக் கடைசி பெஞ்சில் போனவன் பிறகு எங்கே போகிறான் என்று நமக்குத் தெரியாதா என்ன?

காதும் இப்படித்தான். சீழ் வடியும் காதை "தண்ணி பட்டிருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது. எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது வேண்டவே வேண்டாம்.

இரத்தம், பூச்சி, தேத்தண்ணி

எடையும் உயரமும் எழுதுகிற இடத்தில் மிசி முகம் சுளித்தால், அநேகமாகப் பிள்ளை வயதுக்குத் தகுந்த வளர்த்தியில்லை என்று அர்த்தம். கூடவே சோகையும் இருக்கும். கீழ் இமையை மெல்ல இழுத்துப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டியது வெளுத்துப்போயிருந்தால் இரத்தம் குறைவு. அந்தப் பிள்ளைக்குப் பத்து மணிக்கே தூக்கம் வரும். வாத்தியார் சோம்பேறி என்பார். அது சோம்பல் இல்லை.

தோட்டத்தில் இதற்குப் பழைய கூட்டாளி கொக்கிப்புழு. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கும்போது தோலைத் துளைத்து உள்ளே வந்து, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். கக்கூஸ் வசதி சரியில்லாத லயங்களில் இது எப்படிப் பரவியிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 1974 முதல் 1983 வரை அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கும் திட்டம் ஒன்றை நாடு முழுக்க நடத்தியது; பிறகு நிறுத்திவிட்டது. திட்டம் நின்றது, புழு நிற்கவில்லை. இன்றைக்கும் ஏழைப் பகுதிகளில் அது இருக்கிறது.

நம் பாட்டிமார் சனிக்கிழமை காலையில் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றிவிடுவார்கள். பாசத்தில் குறைவில்லை, ஆனால் விளக்கெண்ணெய் வயிற்றைக் கழியவைக்குமே தவிர, ஒட்டிக்கொண்டிருக்கும் கொக்கிப்புழுவைக் கொல்லாது. இப்போது கிளினிக்கில் கொடுக்கும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு வேளை மாத்திரையே போதுமானது. எப்போது, யாருக்கு என்பதை அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை போட்ட பிறகு மறுபடி வெறுங்காலில் நடந்தால் மறுபடி ஏறும். செருப்பு வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது, மாட்டவும் வைக்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் ரொட்டியும் தேத்தண்ணியும் கொடுத்துப் பிள்ளையை அனுப்புகிறோம். தேத்தண்ணி, சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் கட்டிப்போட்டுவிடும். சாப்பாட்டோடு தேத்தண்ணியை நிறுத்திவிட்டுக் கொய்யாப்பழம் ஒரு துண்டோ, எலுமிச்சைச் சாறோ கொடுத்தால் அதே கீரையிலிருந்து அதிகச் சத்து சேரும். முருங்கைக்கீரை வேலியில் இருக்கிறது, நெத்திலி கடையில் இருக்கிறது, முட்டை இருக்கிறது. டப்பாவில் விற்கும் சத்து மாவை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாராவது வீட்டு வாசலில் வந்து சொன்னால், அவருக்கும் ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆர்.எம்.டி. என்ற கூடுதல் உணவுத் திட்டம் 1979 முதல் நடக்கிறது. பால் திட்டம் 1983-இல் வந்தது. எடை குறைவு என்று மிசி எழுதிய சீட்டு இருந்தால், அதைத் தலைமையாசிரியரிடம் காட்டி, உணவுப் பட்டியலில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். "நாம என்ன பிச்சையா எடுக்குறோம்?" என்று சில தகப்பன்மார் கௌரவம் பார்க்கிறார்கள். நாம் கட்டும் வரியில் வரும் சாப்பாடு அது.

பேன், சிரங்கு, பல்

பேன் என்று சீட்டு வந்தால் வீட்டில் பூகம்பமே வந்துவிடுகிறது. "எந்த வீட்டுப் பிள்ளைகிட்டேருந்து வந்துச்சு?" என்று அக்கம்பக்கத்தில் சண்டை. தலைக்குத் தலை ஒட்டினால் யாருக்கும் வரும். சுத்தமான தலைக்கும் வரும். பெண் பிள்ளையின் தலையை மொட்டை அடித்து அழவைக்காதீர்கள். மண்ணெண்ணெய் தடவுவதையும் பூச்சி மருந்து அடிப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். தீப்பிடித்தாலும் மூச்சில் போனாலும் உயிருக்கே ஆபத்து. ஈர்வலிச் சீப்பும் பொறுமையும் கிளினிக் மருந்தும் போதும்.

சிரங்கில் ஒரு தப்பு எல்லா வீட்டிலும் நடக்கிறது. இராத்திரியில் அதிகமாக அரிக்கும், விரல் இடுக்கில் பொரிப்பொரியாக வரும் அந்தச் சொறிக்குக் காரணம் தோலுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி. பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசுகிறோம். ஆனால் அது படுப்பது ஆயாவோடும் தம்பியோடும். ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடும். "கிளினிக் மருந்து கேக்கலை" என்று குறை சொல்கிறோம். கிளினிக் கொடுக்கும் மருந்தை, அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே இராத்திரியில் கழுத்திலிருந்து பாதம் வரை பூசிக்கொண்டு படுக்க வேண்டும். மறுநாள் துணி, போர்வை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். மிசி சொல்வது இதைத்தான். பிள்ளை வீட்டில் வந்து பாதியைத்தான் சொல்லும்.

இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலைக்குப் போகும் தாய்மார்கள், பிள்ளைக்குத் தோலில் கோளாறு என்றால் தங்கள் வேலை என்ன என்பதையும் மிசியிடம் சொல்லுங்கள். பாரகுவாட் மருந்து நம் நாட்டில் 2020 முதல் தடை செய்யப்பட்டது என்றாலும், மற்ற மருந்துகள் இருக்கின்றன. வேலைத் துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

பல்லுக்குத் தனி மிசி உண்டு. நியூசிலாந்து 1921-இல் தொடங்கிய முறையைப் பார்த்து, பினாங்கில் 1949-இல் பல் தாதிகளுக்குப் பயிற்சி ஆரம்பித்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பல் வைத்தியம் இலவசம். பால் பல்தானே, விழுந்துவிடும் என்று விடாதீர்கள். சொத்தைப் பல்லோடு எந்தப் பிள்ளையும் ஒழுங்காக மென்று சாப்பிடாது.

ஊசிப் பாரத்தில் கையெழுத்து

இனி ஊசிக்கு வருவோம். முதலாம் ஆண்டில் தொண்டை அடைப்பான், டெட்டனஸ் இரண்டுக்கும் சேர்த்து ஓர் ஊசி. தட்டம்மை, ரூபெல்லாவுக்கு ஓர் ஊசி. குழந்தையில் போட்டதன் பலம் குறையும் வயதில் அதைப் புதுப்பிப்பதற்காக இது. "பேபியா இருக்கும்போதே போட்டாச்சே" என்று பாரத்தைத் திருப்பி அனுப்புகிறவர்களுக்கு இதுதான் பதில். தொண்டை அடைப்பான் நோய் பழைய கதை என்று நினைத்தோம். 2016-இல் அது திரும்பி வந்து, கெடாவிலும் மலாக்காவிலும் பிள்ளைகள் இறந்தார்கள். நோய் போகவில்லை, ஊசிதான் அதைத் தள்ளிவைத்திருக்கிறது.

பெண் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும், 13 வயதில், எச்.பி.வி. ஊசிக்கான பாரம் வரும். 2010 முதல் அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கு. இதைப் போட்டால் பிள்ளை பெற முடியாது என்று ஒரு புரளி சுற்றுகிறது, அது பொய். கையெழுத்துப் போடுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது இதையும் பேசிவிடலாம். நான்காம், ஐந்தாம் ஆண்டிலேயே சில பிள்ளைகள் பெரியவளாகிவிடுகிறார்கள். ஒன்றும் தெரியாமல் பள்ளியில் இரத்தத்தைப் பார்த்து, தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து கழிவறையில் உட்கார்ந்து அழும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். மிசியோ டீச்சரோ சொல்வார்கள் என்று விடாமல், ஒன்பது வயதிலேயே தாய் சொல்லிவைக்க வேண்டும். சடங்கு செய்வது உங்கள் விருப்பம், உங்கள் வழக்கம். அதற்காகப் பிள்ளையை வாரக்கணக்கில் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருப்பது வேண்டாம். அதிக இரத்தப்போக்கு இருந்தால் மிசியிடம் சொல்லலாம். சோகைக்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு நாள் சம்பளம்

இவ்வளவும் படித்துவிட்டு ஒரு தாய் கேட்பார்: "எல்லாம் சரிங்க ஐயா, கிளினிக்குக்கு யார் கூட்டிக்கிட்டுப் போறது? ஒரு நாள் போனா ஒரு நாள் சம்பளம் போச்சு." கேள்வி நியாயமானது. சீட்டு பையில் கிடப்பதற்கு அறியாமையைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம். கிளினிக்கில் கட்டுவது 1 வெள்ளிதான். ஆனால் காலையில் போனால் மத்தியானம் ஆகிறது, அன்றைய குலைக் கணக்கு போய்விடுகிறது. கண் சீட்டு என்றால் ஆஸ்பத்திரிக்கு இரண்டு மூன்று தடவை நடக்க வேண்டும்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் உங்களுக்கு நோய் வந்தால் மருத்துவ விடுப்பு உண்டு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவதற்கென்று தனி விடுப்பு கிடையாது. ஆனால் சம்பளத்தோடு ஆண்டு விடுமுறை உண்டு: இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 8 நாள், இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் என்றால் 12 நாள், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் என்றால் 16 நாள். எல்லாவற்றையும் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வைத்துவிடாமல் இரண்டு நாளைப் பிள்ளையின் சீட்டுக்காக ஒதுக்கிவையுங்கள். மண்டோரிடம் வாயால் சொல்லாமல், கிளினிக் கொடுத்த தேதி அட்டையைக் காட்டி முன்கூட்டியே ஆபீஸில் எழுதிக் கேளுங்கள். நியாயமான காரணம் இருந்தும் மறுத்தால் சங்கக் கிளைக்குத் தெரியப்படுத்துங்கள்.

புருஷனும் பெண்சாதியும் வேலைக்குப் போகும் வீடுகளில், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு எப்போதும் பெண் தலையில்தான் விழுகிறது. அவள் விடுமுறைதான் தீர்கிறது. அண்ணன்மார்களே, இந்த விஷயத்தில் முறைபோட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் உங்களிடம்தானே இருக்கிறது?

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கொஞ்சம் கைகொடுக்கலாம். மிசி வந்து போன வாரத்தில் எந்தெந்தப் பிள்ளைக்குச் சீட்டு போனது என்று தலைமையாசிரியருக்குத் தெரியும். கண் சீட்டு ஐந்து பேருக்கு என்றால், ஐந்து பேரையும் ஒரே நாளில் ஒரு வேனில் கூட்டிக்கொண்டு போக முடியும். ஐந்து தாய்மாருக்குப் பதில் இரண்டு பேர் போனால் போதும். பெற்றோர் அனுமதிக் கடிதம் மட்டும் முன்பே வாங்கிவைக்க வேண்டும். கண்ணாடிக்குப் பணம் இல்லாத வீட்டை அடையாளம் கண்டு உதவுவதும் சங்கத்துக்கு முடியாத காரியமல்ல. விளையாட்டுப் போட்டிக்குக் கோப்பை வாங்க நிதி திரட்டுகிறோம், இதற்கும் திரட்டலாம்.

கடைசியாகச் சில நடைமுறைக் குறிப்புகள். மிசி வரும் நாள் தெரிந்தால் பிள்ளைக்குக் காலையில் சாப்பாடு கொடுத்து அனுப்புங்கள். வெறும் வயிற்றில் ஊசி போட்டால் மயங்கி விழும். குழந்தையில் ஊசி போட்ட புத்தகத்தைத் தூக்கி எறியாதீர்கள், பள்ளியில் கேட்பார்கள். காய்ச்சலோ, முன்பு ஊசியால் உடம்பு தடித்ததோ இருந்தால் பாரத்தில் எழுதுங்கள். எழுத வராவிட்டால் பிள்ளையிடம் வாயால் சொல்லி அனுப்பாமல் வாத்தியாரிடம் நீங்களே சொல்லுங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை வீட்டில் இருந்தால், கிளினிக்கில் கட்டணம் முதற்கொண்டு எல்லாவற்றிலும் சிக்கல் வரும். அதை மறைத்து வைக்காமல் சங்கக் கிளையில் சொல்லுங்கள், பதிவு இலாகாவுக்கு எழுதும் வேலையை ஆரம்பிக்கலாம். சீட்டு தொலைந்துபோயிருந்தால் பயப்பட வேண்டாம். பள்ளி ஆபீஸில் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், மிசி எழுதிவைத்த பதிவைப் பார்த்துச் சொல்வார்கள்.

அடுத்த இதழில் மழைக்காலமும் டிங்கிக் காய்ச்சலும் பற்றிப் பார்ப்போம்.